ராட்டினமும் பீரோவும்

காலையில் லேப் கதவைத் திறக்கப் போனால் டாக்டரம்மாவின் தம்பி வழியை மறித்துக்கொண்டு நின்றான். இரண்டு கையையும் முஷ்டியாக மூடி என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏதாவது ஒரு கையில் மிட்டாய் இருக்கும். எந்தக் கை என்று நான் தட்டிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் எனக்கு, தப்பினால் அவன் வாயில் போட்டுக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் இந்த விளையாட்டை விட்டபாடில்லை. அக்காவைக் கொண்டுவந்து விடுகிற நாளெல்லாம் எனக்கு இந்தப் பரீட்சை உண்டு. வழக்கமாக என்னைப் பார்த்து, "பெரியக்கா, சீக்கிரம், பெல் அடிக்கப் போவுது" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான். அன்றைக்குச் சத்தமே இல்லை. பேசக்கூடாது என்று தொண்டை டாக்டர் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். நான் இடது கையைத் தட்டினேன். விரித்துக் காட்டினான், காலி. வாயை அகலத் திறந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மைக் இல்லாமல் பேசுகிற தொண்டை அது. கொஞ்ச நாளாகக் கரகரவென்று இருந்தது. சளி என்றான், வெயில் என்றான், பிள்ளைகள் படுத்துகிற பாடு என்றான். அக்காக்காரி காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். தொண்டை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, முந்தின நாள் மயக்க மருந்து கொடுத்து, குரல்வளை நாணிலிருந்து ஒரே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் பாட்டிலில் போட்டு எங்கள் லேபுக்குத்தான் அனுப்பியிருந்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. மறுபடியும் கிள்ளும்படி ஆனால் குரல் பழையபடி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று முன்னாடியே சொல்லிவிட்டாராம். அந்தக் கடுகில்தான் புற்றா இல்லையா என்பது இருந்தது. கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இவன் மிட்டாய் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

நான் உள்ளே போனபோது டாக்டரம்மா எனக்கு முன்னால் வந்து பீரோவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுவே அதிசயம். பீரோ என்றால் துணி வைக்கிற பீரோ இல்லை. புது மெஷினுக்கு நான் வைத்த பெயர். ஆள் உயரத்தில், சாம்பல் நிறத்தில், எல்லாப் பக்கமும் அடைத்து, மேலே ஒரு மூடியும் முன்னால் ஒரு திரையும் வைத்து வந்திருந்தது. எங்கள் வேலையின் சுருக்கம் இதுதான்: உடம்பிலிருந்து எடுத்த சதையைச் சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போடுவோம், அதைக் கேசட் என்போம். அந்தச் சதையில் இருக்கிற தண்ணீரை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்க வேண்டும். பிறகு சைலீனில் ஊறவைத்து ஆல்கஹாலை எடுக்க வேண்டும். கடைசியில் உருகிய மெழுகு உள்ளே போக வேண்டும். மெழுகு சரியாக ஏறின சதையைத்தான் வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவ முடியும், அந்தச் சீவலைத்தான் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன வியாதி என்று சொல்ல முடியும். நடுவில் எங்கேயாவது சதை காய்ந்துபோனால் முடிந்தது கதை. கருவாடாகிவிடும், சீவினால் பொடிப்பொடியாக உதிரும்.

இத்தனை காலமும் இந்த ஊறவைக்கிற வேலையை, ராட்டினம் என்று நான் கூப்பிடுகிற பழைய மெஷின் செய்தது. வட்டமாகப் பானைகள், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கூடை. நேரம் ஆனதும் கூடை முனகிக்கொண்டே மேலே எழும்பும், ஒரு பானை தள்ளிப்போய் இறங்கும். எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். கரெண்ட் போனாலும் கம்பத்தைக் கையால் தூக்கித் திருப்பி இறக்கிவிடுவேன். ஆனால் அதற்கும் வயதாகிவிட்டது. சமீபத்தில் கூடை மேலே எழும்பி அந்தரத்தில் அப்படியே நின்றுவிடுகிற வியாதி வந்திருந்தது. நல்லவேளை, நின்றபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் புது மெஷின் வாங்க ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. எது என்று சொல்ல வேண்டியது எங்கள் இரண்டு பேர் பாடு.

அங்கேதான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. இதே ராட்டினத்தில் புதுசு வாங்கலாம் என்றேன் நான். டாக்டரம்மாவுக்குப் பீரோதான் வேண்டும். பீரோவில் கூடை நகராது. ஒரே அறைக்குள் சதை உட்கார்ந்திருக்கும், ஆல்கஹாலும் சைலீனும் மெழுகும் குழாய் வழியாக ஒவ்வொன்றாக வந்துவிட்டுப் போகும். வாடை வெளியே வராது. சின்னத் துணுக்கு என்றால் காலையில் வைத்து மத்தியானம் எடுத்துவிடலாம். "மூடினா உள்ள என்ன நடக்குதுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்று நான் சொல்ல, அவர், அக்கா, நீங்கள் இத்தனை வருஷம் மோந்த சைலீன் போதாதா என்று ஆரம்பிப்பார். என் மூக்கு போய்விட்டதாம். வீட்டில் பால் தீய்ந்து பாத்திரம் கருகியதும், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினதும் என் வாயாலேயே ஒருநாள் சிரித்துச் சொல்லித் தொலைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை என்று நானும் விடவில்லை. என் மூக்கைப் பற்றிக் கவலைப்பட என் வீட்டுக்காரரே இருக்கிறார், நீங்கள் மெஷினைப் பாருங்கள் என்று கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தம்மாவுக்கு என் பேச்சு பழக்கம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கம்பெனிக்காரர்கள் பீரோவைக் கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதற்கு டாக்டரம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஜோடி உள்ள சதை மட்டும்தான் சோதனை மெஷினுக்குள் போகலாம். அதாவது, ஆபரேஷனில் எடுத்த பெரிய கட்டியிலிருந்து ஒரு துண்டு பீரோவுக்கு. கெட்டுப்போனால் மறுபடி வெட்டிக்கொள்ள மிச்சம் ஜாடியில் இருக்க வேண்டும். ஜோடி இல்லாத சதை, அது யாருடையதாக இருந்தாலும், ராட்டினத்துக்குத்தான். அப்படித்தான் ஓட்டினோம். உண்மையைச் சொல்லணும் என்றால் பீரோவிலிருந்து வந்த சதையெல்லாம் வெண்ணெய் மாதிரி சீவ வந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் எங்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"நீங்க ஏன் டாக்டர், நான் வந்து ஏத்தியிருப்பேன்ல" என்று கேட்டேன். கூடையை அவரே பீரோவில் இறக்கி, மூடியை அழுத்தி, திரையைத் தட்டிவிட்டிருந்தார்.

"நானும் கத்துக்கணும்ல அக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. தம்பியின் பாட்டில் அலமாரியில் இருக்கும், மற்றச் சின்னத் துணுக்குகளோடு அதையும் ராட்டினத்தில் ஏற்றிக்கொள்ளலாம், நாளைக்குத்தான் முடிவு தெரியும் என்று என் போக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸ்களுக்கெல்லாம் நடுவர் மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தான். வேகமாக நடந்தவளுக்கு ஒரு ஃபவுல், தட்டைக் கீழே போட்டவளுக்கு அவுட்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரெண்ட் போய்விட்டு வந்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம், அதற்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. ராட்டினம் ஒருதரம் குலுங்கிவிட்டு அதுபாட்டுக்குச் சும்மா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து பீரோவின் திரை சிவப்பாக மாறிக் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால், மெழுகு ஏறவில்லை என்று எழுத்து ஓடுகிறது. மெழுகு வருகிற குழாயின் சூடு கரெண்டோடு போய்த் திரும்ப வராமல், மெழுகு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். சைலீனை ஏற்கெனவே வடித்துவிட்டது. ஆக, உள்ளே வெறும் அறை, அடுப்பு மாதிரிச் சூடு, காற்றையும் உறிஞ்சி எடுத்திருக்கிறது, நடுவில் சதை.

சந்தோஷமாக இருந்தது எனக்கு. பொய் சொல்வானேன். சாயங்காலம் கமிட்டியில் டாக்டரம்மா வாயைத் திறக்க முடியாது, மூடின பீரோ கழுத்தை அறுத்ததை நானே விலாவாரியாகச் சொல்லலாம் என்று மனசு துள்ளியது. உள்ளே இருப்பதெல்லாம் ஜோடி உள்ள துண்டுதானே, கெட்டால் கெட்டுப் போகட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

டாக்டரம்மா தன் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. திரையைப் பார்த்தார், மூடியைத் தொட்டார், சூட்டில் கையை உதறினார். மறுபடி தொட்டார். பதறாதீர்கள் டாக்டர், எல்லாத்துக்கும் ஜாடியில் மிச்சம் இருக்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"ஒண்ணுக்கு ஜோடி இல்லக்கா" என்றார்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் பாட்டில் இருந்தது, அடியில் ஃபார்மலின் மட்டும் இருந்தது.

ராட்டினம் நின்று நின்று போகிறது, அதில் போட பயமாக இருந்தது என்றார். பீரோவில் போட்டால் இன்றைக்கே தெரிந்துவிடும் என்றார். ராத்திரி முழுக்க அவன் தூங்காமல் ஹாலில் நடந்துகொண்டிருந்தான், இன்னொரு ராத்திரி அந்த நடையைக் கேட்க முடியாது என்றார். எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிற மாதிரி மூடியிடம் சொன்னார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினால் என்ன சொல்லித் திட்டுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். எப்போதும் டை கட்டிக்கொண்டு பீரோவுக்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளை மாதிரி நிற்கிற மனுஷன், அன்றைக்குப் பார்த்து மேல்மாடி ஆபீசுக்குக் காபி குடிக்கப் போயிருந்தார். போனை எடுத்தவர் லிஃப்டுக்குள் இருந்தார். கரெண்ட் போனதில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். குரல் விட்டு விட்டு வந்தது. மூடியைத் தொடாதீர்கள், குழாய் தானாகச் சூடாகும், மெழுகு உருகி ஏறிவிடும், பொறுமையாக இருங்கள் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அது குழாயைப் பொறுத்தது என்றார். நடுவில் திறந்தால் சைலீன் ஆவி முகத்தில் அடிக்கும், மெஷினுக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பேற்காது என்றும் சொன்னார். நீங்கள் முதலில் லிஃப்டை விட்டு வெளியே வாருங்கள் என்று போனை வைத்தேன்.

டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆபரேஷன் நடக்கிறபோதே சதையை அனுப்பி, வயிற்றை மூடலாமா வேண்டாமா என்று கேட்பார்கள்; நின்றபடி பார்த்து நறுக்கென்று பதில் சொல்லுகிற பொம்பளை. அவருக்கு அன்றைக்கு ஒரு மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காத்திருந்தால் மெழுகு ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே அந்தக் கடுகு காய்கிறது. திறந்தால் உள்ளே என்ன நிலைமை என்று யாருக்குத் தெரியும்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் கேக்குறேன்."

"தள்ளி நில்லுங்க" என்றேன்.

மூடிக்குப் பக்கத்தில் காற்றை உள்ளே விடுகிற திருகு ஒன்று இருக்கிறது. டைக்காரர் முதல் நாள் விளக்கினபோது, இதை நீங்கள் தொடவே வேண்டியிருக்காது என்று சொல்லித்தான் காட்டினார். தொட வேண்டாம் என்று சொன்னால்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். திருகினேன். உஸ்ஸென்று பெரிய பெருமூச்சு விட்டது பீரோ. பூட்டை நெம்பி மூடியைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. கண் கொஞ்சம் எரிந்தது. இடுக்கியால் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டில் ராட்டினத்துக்குப் போனேன். அதன் மெழுகுப் பானைகள் எப்போதும் உருகியே இருக்கும், கரெண்ட் போனாலும் வெகுநேரத்துக்கு உறையாது. கூடையை அதில் அமிழ்த்தினேன். கேசட்டுகளின் ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நிற்கிறவரை நான் கூடையின் கைப்பிடியை விடவில்லை.

திரும்பினால் கதவருகில் தம்பி. சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவன் இருமுகிறான். இருமக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவன் குனிந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுகிறான். "என்னாச்சு, ஏன் இருமுறே?" என்று அதட்டினேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் வெளியே வா, வெளியே வா என்று வேகமாக ஜாடை காட்டினான், மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. டாக்டரம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அழுகை இல்லை, நெடி. அறை முழுக்க சைலீன் நெடி. அதன் நட்டநடுவில் நான் ரோஜாத் தோட்டத்தில் நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே வரலையாக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். இன்னொரு தரம் நன்றாக இழுத்துப் பார்த்தேன். காற்று போய் வந்தது, அவ்வளவுதான். சளி என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். அவர் தம்பியை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மெழுகில் ஊறவேண்டிய நேரம் ஊறியதும் அந்தக் கேசட்டை எடுத்து மேஜையில் திறந்தேன். உள்ளே மடித்த காகிதம். பிரித்தால் வெறும் வெள்ளைக் காகிதம், அதன் மேல் மெழுகு. சதையைக் காணோம். சின்னத் துணுக்கு என்றால் காகிதத்தில் மடிக்கிறதற்கு முன்னால் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விடுவோம், பிறகு கண்ணில் படுவதற்காக. அது என் வேலை, ஒவ்வொன்றுக்கும் நான்தான் விடுவேன். காலையில் டாக்டரம்மா ஒளித்து ஒளித்துச் செய்த அவசரத்தில் சாயம் விடவில்லை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைச் சதை. எனக்கோ சாளேசுரம், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாகத் தேடினேன். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளுங்க" என்று டாக்டரம்மா என் தோளுக்கு மேலே குனிந்தார். அவர் கையைக் காகிதத்தில் வைக்கவில்லை, பார்வையை மட்டும் மெதுவாக ஓட்டினார். "அந்த மடிப்புல. ஓரத்துல. மெழுகு இல்ல அது." நான் இடுக்கி முனையால் தொட்டேன். மெழுகாக இருந்தால் குழையும். குழையவில்லை. அதுதான். எடுத்து அச்சில் வைத்து, மெழுகு ஊற்றி, குளிரவைத்தேன். இரண்டு பேரும் அப்போதுதான் மூச்சு விட்டோம்.

சீவுகிற மெஷினில் பூட்டிக் கத்தியை ஓட்டினேன். முதல் சீவல் கறகறவென்றது. கொஞ்சம் காய்ந்துதான் இருக்கிறது. இரண்டாவது சீவல் நடுவில் தூள் தூளாக உதிர்ந்தது. கடுகளவு சதையில் எத்தனை சீவலை வீணாக்க முடியும்? கையை நிறுத்திவிட்டேன். பின்னாடி டாக்டரம்மா சுவரோடு ஒட்டி நிற்கிறார், அவர் மூச்சு கேட்கிறது. ஈரப் பஞ்சை மெழுகின் மேல் ஒற்றி, குளிரில் ஊறவிட்டேன். பிறகு குனிந்து அதன் மேல் வாயால் ஊதினேன், கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே, அப்படி. ஒரு ஆவி, ஒரு சீவல். இன்னொரு ஆவி, இன்னொரு சீவல். கறகறப்பு குறைந்தது. அடுத்த ஓட்டத்தில் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வந்தன. தூரிகை நுனியால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் விட்டேன். சுருக்கம் விரிந்து மிதந்தது. நடுவில் நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல், மற்றபடி முழுசு.

ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது டைக்காரர் வந்து சேர்ந்தார். டை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், நனைந்த கோழி மாதிரி இருந்தார். திறந்து கிடந்த பீரோவைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. கமிட்டியில் என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியமில்லை, எச்சிலை விழுங்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மெஷின் கீச்சிட்டபோது இந்த நேரத்துக்காகத்தான் நான் ஏங்கினேன். கேட்டீர்களா, மூடின பெட்டியை நம்பினால் இதுதான் என்று சொல்ல எத்தனை வாக்கியம் வைத்திருந்தேன்.

"பீரோவையே வாங்கிக்கலாம் டாக்டர்" என்றேன். "ஆனா குழாய்ச் சூட்டுக்குத் தனியா பேட்டரி வெச்சுத் தரணும், நடுவுல நின்னா திறக்கிற வழியை எங்களுக்கு ஒழுங்கா சொல்லித் தரணும். ராட்டினத்தைத் தூக்கிப் போடக்கூடாது. அதோட மெழுகுப் பானை எப்பவும் சூடா இருக்கட்டும்."

டைக்காரர் நம்பமுடியாமல் தலையை ஆட்டினார். டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்லைடைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். எனக்கு யாரும் இரக்கப்படுவது பிடிக்காது.

தன் வீட்டு மனுஷருடைய ஸ்லைடைத் தானே படிக்கக் கூடாது என்பதும் எங்கள் லேப் வழக்கம்தான். வேறொரு ஆஸ்பத்திரி டாக்டர் சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் சதை படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும். "அது மட்டும் பாத்துடறேன்" என்று டாக்டரம்மா மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். நான் ஸ்லைடைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கையைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்த ரகசியம் அது. நல்லதாக இருந்தால் வலது கை ஸ்லைடை மளமளவென்று நகர்த்தும், இடது கை திருகிலேயே இருக்கும். கெட்டது கண்ணில் பட்டால் இடது கை மட்டும் திருகை விட்டு இறங்கி, மடியில் வந்து, இறுக மூடிக்கொள்ளும். அவருக்கே தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பேர் தெரியாத எத்தனையோ பேருக்காக நான் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திருகு திரும்புகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லா வந்திருக்குக்கா" என்றார், திரும்பாமல். "எல்லாம் தெளிவா தெரியுது. படிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வியாதியைப் பார்க்காமல் கண்ணை எடுக்க எந்த டாக்டரால் முடியும்? எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு கையையும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டு என்னைத் தாண்டி வராண்டாவுக்குப் போனார்.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தம்பி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்ன ஸ்கோர் என்று கையை விரித்துக் கேட்டான். அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கை பைக்குள்ளேயே இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தான். பிறகு அவர் மணிக்கட்டுகளைப் பிடித்து, இரண்டு கையையும் மெதுவாக வெளியே இழுத்தான். இரண்டும் மூடியிருந்தன. இரண்டும் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கதவுக் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. அந்த இரண்டு முஷ்டியையும் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, இதுவா அதுவா என்று மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம் ஒரு விரலை நீட்டி, இடது கையை மெல்லத் தட்டினான்.